தாடையா, காதா

ஹெல்மெட் என்பது தலையைக் காப்பாற்றும் சாமான் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, எங்களுக்குள் நடந்த சண்டை முழுக்க என் வீட்டுக்காரருடைய காதைப் பற்றியது. அந்தக் காது எனக்கு வேண்டும். அதுவும் அந்த வருஷம் கட்டாயம் வேண்டும்.

காரணம் சொல்லிவிடுகிறேன். பூதப்பாண்டியில் மாமனார் வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். ஒருவர் தும்மினால் மற்ற எட்டு பேரும் மருந்து சொல்வார்கள். நானும் அவரும் அறைக்குள் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் பேசினால், காலையில் காப்பி ஆற்றிக்கொண்டே அத்தை கேட்பார்கள்: “என்னவாக்கும் மக்கா, பெரிய ஆலோசனை?” கெட்ட மனுஷி இல்லை. கேட்காமல் இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே எங்களுக்கு மிச்சமிருந்தது பைக். இரண்டு பேருக்கும் நாகர்கோவிலில் வேலை. எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்து வேலை, அவருக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்தில். இறச்சகுளம், புத்தேரி வழியாக வடசேரி போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த இருபத்தைந்து நிமிஷமும் அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் என் வாய் இருக்கும். நான் பேசுவேன், அவர் தலையாட்டுவார். கல்யாணமாகி ஆறு வருஷம் குடும்பம் அப்படித்தான் நடந்தது.

2007-ல் ஹெல்மெட் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. என் கஷ்டகாலம், அதே சமயத்தில்தான் ஆபீஸ் சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “அடுத்த பிரமோஷன் பட்டியல்ல உன் பேரு உண்டு. ஆனா போஸ்டிங் மதுரையாக்கும். சம்மதமா இல்லையான்னு சரஸ்வதி பூசைக்கு முன்ன எழுதிக் குடுத்திரணும்.”

எனக்கு அது வேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், வெறியாகவே வேண்டும். பத்து வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே ஜன்னல், என் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வேலை சொல்லிக் கொடுத்து அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மகளுக்கு நாலு வயது. அவளைக் கூட்டிக்கொண்டு நான் மதுரைக்குப் போவது, அவர் சனிக்கிழமைதோறும் வருவது என்று மனதுக்குள் வீடே பிடித்துவிட்டேன். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரிய வேண்டும். அதுவும் வீட்டில் மற்றவர்களுக்கு வாடை பிடிக்கும் முன்னால் தெரிய வேண்டும்.

அந்த வாரம் பார்த்து மனுஷர் ஒரு ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வாங்கி வந்தார். கறுப்பாக, நாடி, தாடை எல்லாம் கீழே வரை மூடி, முன்னால் கண்ணாடி. மாட்டினால் கண் மட்டும்தான் தெரியும். முதல் நாளே பின்னாலிருந்து, “மதுரைக்குப் போகட்டா?” என்று கேட்டேன். “ஆங்?” என்றார். இன்னும் சத்தமாகக் கேட்டேன். “ஆங்?” பொறுமை போய், கைமுட்டியால் ஹெல்மெட்டில் தட்டிக் கத்தினேன். பக்கத்தில் சைக்கிளில் போன மீன்காரர், “மதுரைக்கு இந்த வழி போகாது தங்கச்சி, திரும்பிப் போணும்” என்றார். எனக்கு மானம் போயிற்று.

சாயங்காலமே அவரை இழுத்துக்கொண்டு வடசேரிக்குப் போனேன். ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து ஹெல்மெட்டாகக் குவித்து வைத்திருந்தான் கடைக்காரன். இதை எடுத்துக்கொண்டு முகம் திறந்த ஓப்பன் ஃபேஸ் ஒன்று கொடு என்றேன். அதில் காதின்மேல் பஞ்சு மெல்லிசு, ஓரமாகப் பேசினால் உள்ளே போகும். நானே போட்டுப் பார்த்து, கடைக்காரனைப் பேசச் சொல்லிச் சோதித்தேன்.

“அக்கா, விழுந்தா தாடைக்குக் காவல் இல்ல, பாத்துக்கிடுங்க” என்றான் அவன்.

“தாடை இவியளுக்கு எதுக்கு? பேசவா போறாவ?” என்றேன். கடைக்காரன் சிரித்தான், அவரும் சிரித்தார். நாக்கில் சனி என்பார்களே, அது அன்று என் நாக்கில்தான் இருந்தது.

ஓப்பன் ஃபேஸோடு பேச்சு மறுபடி தொடங்கியது. மகள் பள்ளிக்கூடம், மைத்துனர் மனைவியின் முகக்கோணல், ஆபீஸ் வம்பு எல்லாவற்றுக்கும் தலை ஆடியது. மதுரை என்று ஆரம்பித்தால் மட்டும் ஆடாது. ஆடி மாசம், ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று வயல்வெளியில் ஆளைத் தள்ளும். “காத்தாக்கும். ஒண்ணும் கேக்கல்ல” என்பார். நின்று பேசலாம் என்றால், நேரமாயிற்று என்பார். மறுநாளும் கேட்பேன், மறுநாளும் காற்று. நானும் விடவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு காலையில் இறச்சகுளம் தாண்டி வளைவில், வயலிலிருந்து ஏறிய டிராக்டர் ரோடெல்லாம் சேற்றைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. நான் அப்போதுதான், “ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று தோளைப் பிடித்திருந்தேன். வண்டி சறுக்கியது. நான் வயல் பக்கம் சேற்றில் விழுந்தேன். எனக்கு முழங்கை உரசியதோடு சரி. அவர் ரோட்டில் முகம் குப்புற விழுந்தார். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு ஒன்றுமில்லை. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, கீழ்ப்பல் இரண்டு போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டினார்கள். ஐந்து வாரம் வாயைத் திறக்கக் கூடாது. கஞ்சித் தண்ணியும் பாலும் குழல் வழியாக. ஏதாவது வேண்டுமென்றால் மகளுடைய சிலேட்டில் எழுதிக் காட்டுவார். ‘தண்ணி’, ‘சூடு’, ‘ஃபேன்’.

“நல்ல ஹெல்மெட்டத் திருப்பிக் குடுக்க வெச்சது ஆரு?” என்று அத்தை கேட்டார்கள். வீடே என்னைப் பார்த்தது.

“நான்தான் அத்தை” என்றேன். வேறு என்ன சொல்ல? என் வாய்க்குக் காது தேடி அவருடைய தாடையைக் கொடுத்துவிட்டேன். குழலை அவர் உதட்டில் வைக்கும் ஒவ்வொரு வேளையும் அழுகை வரும், அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வருவேன். அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். மதுரையைப் பற்றி அந்த ஐந்து வாரம் நான் மூச்சு விடவில்லை. “வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு மக்கா” என்று ஆபீசில் சொன்னார்கள். பேனாவைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் கை எழுதவில்லை. செய்த தப்புக்கு என்ன பரிகாரமோ அதைச் செய்கிறேன், செய்யாத தப்புக்கு மதுரையை எதற்கு விட வேண்டும் என்று மூடி வைத்துவிட்டேன்.

பரிகாரத்தை ஒழுங்காகச் செய்தேன். பஸ்ஸில் போய், இந்தத் தடவை நல்ல கடையாகப் பார்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஃபுல் ஃபேஸ் வாங்கினேன். நாடிப் பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன், தலையில் மாட்டி உலுக்கிப் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடி போடுகிறவர், கண்ணாடிக் காம்பு உள்ளே போகுமா என்று என் ஆபீஸ் தோழியின் கண்ணாடியை வாங்கிப் போய்ப் பார்த்தேன். மூச்சுக்கு முன்கண்ணாடி மங்கும், கனமாக இருக்கும், வெயிலில் வேகும் என்று கடைக்காரரே சொன்னார். வேகட்டும். ஓப்பனா ஃபுல்லா என்று இன்றைக்கு யார் என்னிடம் கேட்டாலும் ஒரே பதில்தான், முகமும் உங்களுடையதுதானே என்பேன்.

கம்பி பிரித்து, டாக்டர் வண்டி ஓட்டலாம் என்று சொன்ன முதல் நாள், அரைமணி நேரம் முன்னாலேயே கிளம்பச் சொன்னேன். “இத்தன வெள்ளென எங்க?” என்றார்கள் அத்தை. “எங்களுக்குப் பேசணும்” என்றேன். “இங்க வெச்சுப் பேசப்பிடாதா?” “இங்க பேசுனா ஏழு பேரு பதில் சொல்லுவீங்க அத்தை. எனக்கு ஒருத்தர் சொன்னா போதும்.” நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

புத்தேரி குளக்கரையில் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை மெல்லக் கழற்றினார், தாடை இன்னும் வீங்கித்தான் இருந்தது. நேருக்கு நேர் நின்றேன்.

“இப்ப வண்டி ஓடல்ல, காத்தும் இல்ல. மதுரைக்குப் போகட்டா, வேண்டாமா?”

அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு, வாய் முழுக்கத் திறக்காமல் சொன்னார். “விழுந்த அன்னைக்கும் கேட்டுது.”

“எது?”

“எல்லா நாளும் கேட்டுது. காத்துன்னு சும்மா சொன்னேன்.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. “அடப்பாவி மனுஷா! ஐஞ்சு வாரம் நான் அடுப்படியில நின்னு அழுதேனே, பாத்துட்டுத்தானே இருந்தீங்க? சிலேட்டுல தண்ணி, சூடுன்னு எழுதத் தெரிஞ்ச கைக்கு இதை எழுதத் தெரியல்லியா?” குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“எழுதினா பதில் சொல்லணும், சொன்னா நீ போயிருவ” என்றார். “நீ போனா எங்கிட்ட பேச ஆரு இருக்கா?”

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் சொன்ன நீளமான பேச்சு அதுதான். கோபத்தில் இருந்தவள் அந்தக் கரையிலேயே அழுதுவிட்டேன். ஆனால் அழுகை வேறு, முடிவு வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் போகத்தான் போறேன். சனிக்கிழமை வாங்க, ரெண்டு நாளும் பேசுகேன். இப்ப ஹெல்மெட்ட மாட்டுங்க, நேரமாவுது” என்றேன். அவர் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. அன்று காலை பதினொரு மணிக்கு, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நானே சொன்னேன். மாமனார் பேப்பரை மடக்கினார். அத்தை என்னைப் பார்க்கவே இல்லை, மகனைப் பார்த்தார்கள். “பிள்ளையையும் தூக்கிட்டுப் போறாளாம். இது ஆரு எடுத்த முடிவுலே?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, எட்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“நான்தான் போகச் சொன்னேன்.”