நாற்றமில்லாத குளம்

பச்சை மீனும் பறவை எச்சமும் வெயிலில் கலந்து வெந்த நாற்றம்... எங்கள் ஊர் அங்கிருந்துதான் தொடங்கும். முக்கூடலிலிருந்து வில்வண்டியில் வருகிறவர்கள், குளம் கண்ணில் படுமுன்பே மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நாங்கள் பொத்த மாட்டோம். என் மூக்கைப் பொத்த ஒரு துண்டு போதாது என்பது வேறு விஷயம்.

ஆற்றுக் கால்வாய் வந்து நிரப்பும் குளம். நடுத்தண்ணீரில் கருவேல மரங்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததும் நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் வந்து, கிளை தெரியாமல் கூடு கட்டிவிடும். "புள்ளை பெறத் தாய்வீட்டுக்கு வந்த மக்கமாரு" என்றுதான் ஊரில் பேச்சு. அதுகள் இருக்கிற மாதங்களில் கரையில் கொட்டு கிடையாது, வெடி கிடையாது. பிணம் போனால்கூடச் சங்கு ஊதாமல்தான் போகும்.

வெறும் பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. எச்சம் விழுந்த தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போனால் வேறு உரமே வேண்டாம். கொக்கு வயல் நண்டைத் தின்னும். நண்டு குறைந்தால் வரப்பில் ஓட்டை விழாது. கட்டிய தண்ணீர் நிற்கும். ஆனி, ஆடியில் மலைக் கணவாய் வழியே வெறிபிடித்து வருகிற மேல்காற்றை அந்த மரங்கள் வாங்கிக்கொள்ளும்; அலை கரையை அறுக்காது. மண், தண்ணீர், காற்று, உயிர்... நாலும் ஒரே வீட்டுக்காரர்கள். ஒருவரைத் தொட்டால் மற்ற மூவரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

அந்த வீட்டைத்தான் மகள் கல்யாணத்துக்காகக் கலைத்தார் பெரியவீட்டு அண்ணாச்சி. ஊரில் பாதி நிலம் அவருடையது. மீதிப் பாதியும் தம்முடையது என்று நினைப்பவர்.

நிச்சயத்துக்கு வந்த சம்பந்தி பாளையங்கோட்டைக் கச்சேரியில் குமாஸ்தா. நடை மட்டும் கலெக்டர் நடை. வண்டியை விட்டு இறங்கியதுமே முகத்தைச் சுளித்தார்.

"என்னவே இது, குடலைப் பொரட்டுது! எங்க ஆளுக இங்கன எப்படி இலையில உக்காருவாவ?"

அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "கல்யாணத்துக்குள்ள சரி பண்ணிருதேன்" என்றார்.

முகூர்த்தம் மாசியில். கூடெல்லாம் குஞ்சு. மரங்களை வெட்ட உள்ளூரில் ஒருவனும் கோடாலி எடுக்க மாட்டேன் என்றதால் வெளியூர் ஆட்களை இறக்கினார். என் மதினிதான் முதலில் கரைக்கு ஓடினாள். அண்ணன் செத்த பிறகு, கடைமடையில் இருந்த ஒற்றை வயலை நம்பி ஜீவித்தவள். குளத்துத் தண்ணீர் கடைசியாக எட்டுகிற வயல் அது.

"அண்ணாச்சி, புள்ளை பெற வந்தவளை வெரட்டிட்டா உம்ம மவளுக்குக் கல்யாணம் பண்ணப் போறிய?"

"ஏளா, நாரையும் எம்மவளும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்லதான். நாரைக்கு மூக்கைப் பொத்துத சம்பந்தி இல்லைலா!"

கரையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஊதினால் பற்றிக்கொள்ளும். இதுதான் சமயம் என்று நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மரத்துக்கு முன்னால் நின்று, "வெட்டாதிய வே!" என்று இரண்டு கைகளையும் தூக்கினேன். மேலே இருந்த நாரை அந்த நேரம் பார்த்து என் உச்சந்தலையில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டது. அண்ணாச்சி சிரித்தார். கோடாலிக்காரர்கள் சிரித்தார்கள். கரையில் முணுமுணுத்த ஊரும் சேர்ந்து சிரித்தது. சிரித்த வாயோடு வீட்டுக்குப் போய்விட்டது. பறவை மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் மரமெல்லாம் சாய்ந்தது. தண்ணீரில் மிதந்த குஞ்சுகளைப் பருந்துகள் அள்ளின. மாடி ஜன்னலில் கல்யாணப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண் வாய் திறக்கக்கூடாது என்பது நம் வழக்கமாயிற்றே... திறக்கவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மூக்கை விரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஆனியில் கார் சாகுபடிக்கு நாற்று நட்டோம். பயிர் மஞ்சளடித்து நின்றது. வரப்பெல்லாம் நண்டு ஓட்டை. காலையில் கட்டிய தண்ணீர் மத்தியானம் இல்லை. ஆடியில் மேல்காற்று தடுக்க ஆளில்லாமல் வந்தது. குளத்துத் தண்ணீர் கடல் அலை மாதிரி மோதி மோதி, ஒரு நாள் கரையே பிட்டுக்கொண்டது. குளம் காலி. கதிர் தள்ளும் நேரத்தில் மதினியின் வயல் வைக்கோலாக நின்றது.

"தெய்வக் குத்தம் வே. அம்மனுக்குக் கொடை நடத்தணும்" என்றார் அண்ணாச்சி.

"அம்மனா வந்து கோடாலியைப் போட்டா?" என்றாள் மதினி. அவ்வளவுதான் அவள் பேசியது. வயலைப் போட்டுவிட்டு, மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே நூல் ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

தை பிறந்தது. பறவைகள் வந்தன. அடிக்கட்டைகளுக்கு மேலே வட்டமடித்தன... போய்விட்டன.

அதே வாரம் அண்ணாச்சியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். எதிர்கொண்டு அழைக்க வந்திருந்தார் அண்ணாச்சி. நானும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தேன்; இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நான் தவறுவதில்லை.

"அதுகளும் புள்ளை பெறத்தானேப்பா வந்துச்சு?"

"வீட்டுக்கு வா மக்கா, வெயிலடிக்கு."

"எந்த நம்பிக்கையில வரச் சொல்லுதிய?"

பைய வண்டியில் ஏறினாள். திருப்பச் சொன்னாள். அண்ணாச்சி மேல்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றார்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. மதினி இன்னும் ஆலையில்தான், தலைமுடியெல்லாம் பஞ்சு. நானும் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டேன். போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். கிழடு தட்டிய அண்ணாச்சி அதே கரையில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பாத்தியாவே... இப்பம் நாத்தமே இல்ல!"

மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். இவ்வளவு பெரிய மூக்கு. ஒன்றுமே இல்லை. அவர் கையை உதறிவிட்டு நடந்தேன்.