இரண்டு ஊருக்கும் வேண்டாத மணல்திட்டு

ஐஸ்லாந்தின் தெற்குக் கரையில், எங்கள் பனிமலைக்கு அடியில் எரிமலை இருக்கிறது. அது புரண்டு படுத்தால் பனி உருகி, கடலோர மணல்வெளி முழுக்கக் கறுப்புத் தண்ணீராகும். கடவுளின் கோபம் என்பார் பாதிரியார். நெருப்புப் பட்டால் பனி உருகும். இதற்குக் கடவுள் எதற்கு?

பண்ணைக் கூலிக்காரி ஒட்னியை நிறைமாதத்தில் குதிரையில் ஏற்றி அந்த மணலுக்குக் கொண்டுபோனவர் ஊர்த்தலைவர் ஆஸ்முந்தர். நிலமில்லாதவர்கள் கலியாணம் செய்யச் சட்டம் விடவில்லை. அதனால் அவளுக்குக் கணவன் இல்லை. ஏழைப் பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ, அந்த ஊர்தான் வளர்க்க வேண்டும். வளர்ப்பது என்றால், அதற்கு ஊரிடம் குறைந்த தொகை கேட்கும் பண்ணையில் தள்ளுவது. தாயைக் கேட்கமாட்டார்கள். கிழக்கே பக்கத்து ஊருக்கும் எங்களுக்கும் ஆறுதான் எல்லை; அதைத் தாண்டிப் பெற்றால் செலவு அவர்கள் தலையில். ஆற்றுக்கு இரண்டு கிளை, நடுவில் ஒரு மணல்திட்டு.

மேற்குக் கிளையில்தான் அப்போது ஆறு ஓடியது. குதிரை அதைத் தாண்டி மணல்திட்டில் ஏறியதும் அழுகிய முட்டை போல எரிமலைக் கந்தக நாற்றம் அடித்தது. வெள்ளம் வருகிறது, திரும்பிவிடலாம் என்றாள் ஒட்னி.

"திரும்பிப் போயி எங்க ஊர்லயே பெத்துப்போடலாம்னு பாக்குறியா? எறங்கு."

அவளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஆஸ்முந்தரையும் தண்ணீர் மறித்துக்கொண்டது. இருபுறமும் வீட்டளவு பனிக்கட்டிகள் உருண்டன. குதிரையின் மறைவில், ஈரச் சாம்பலில், அவள் ஆண்பிள்ளை பெற்றாள். ஆஸ்முந்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

விடிந்தபோது மேற்குக் கிளை வற்றியிருந்தது. ஆறு முழுவதும் கிழக்குக் கிளைக்கு மாறியிருந்தது. அக்கரையில் பக்கத்து ஊர்த்தலைவர் கோல்பெய்ன் வந்து நின்றார்.

ஆற்றைத் தாண்டிய பிறகு பிறந்தவன், உங்கள் பிள்ளை என்று கத்தினார் ஆஸ்முந்தர்.

"ஆறு எங்காலடியில ஓடுது, ஓய். கண்ணு அவிஞ்சுபோச்சா? அது ஒங்க மண்ணு."

முந்தின குளிர்காலத்தில் அதே திட்டில் திமிங்கிலம் ஒதுங்கியபோது, எங்கள் மண் என்று இருவரும் கோடரியோடு வந்தவர்கள்.

"நான் திமிங்கிலமாப் பெத்திருக்கணும்" என்றாள் ஒட்னி.

ஊர்ச்சபையில் ஆஸ்முந்தர் எழுந்து, அவன் எங்கள் பிள்ளை அல்ல என்று சத்தியமே செய்தார். கோல்பெய்னும் தன் சபையில் அப்படியே செய்தார். எங்கள் ஊரில் பால் கறக்க ஆளில்லாத ஒரு பண்ணை ஒட்னியைப் பிள்ளையோடு சேர்த்துக்கொண்டது.

பையன் ஆடு மேய்க்கும் வயதுக்கு வந்ததும், ஊர்ப் பிள்ளை என்று சொல்லி அவனைத் தன் மைத்துனர் பண்ணைக்கு இழுத்துப்போக ஆஸ்முந்தர் வந்தார். ஒட்னி வாசலை மறித்தாள்.

"இவன் எந்த ஊர்ப் பிள்ளைங்கய்யா? சபையில போயி, அன்னிக்குப் பொய்ச்சத்தியம் பண்ணினேன்னு சொல்லிட்டு வாங்க. அப்பறமா தொடுங்க."

அவர் குதிரையைத் திருப்பினார். எங்கள் ஊரில் தாயிடமே வளர்ந்த கூலிக்காரி பிள்ளை அவன் ஒருவன்தான்.