டமால் என்று மூடும் கேட்

அந்தக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைக் கவனிப்பவளுக்கு விசிலக்கா என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான். அந்த வாய்க்கு விசில் எதற்கு என்பது பெரியவர்களின் சந்தேகம். முப்பத்தோரு வயதில், இந்த வேலைக்காகவே நீச்சல் கற்றவள் அவள். காலையில் வந்து வலைக்கம்பால் இலை அள்ளுவாள், குளோரின் பார்ப்பாள், பிறகு கேட்டைத் திறந்து கையை விடுவாள். ஸ்பிரிங் வைத்த இரும்புக் கேட் தானாக மூடி, டமால் என்று தாழ் விழும். அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வரும்.

முதல் மாடிப் பெரியவருக்கோ அந்தச் சத்தத்தில் மதியத் தூக்கம் போனது. கோடை விடுமுறையில் கேட்பானேன், நாளெல்லாம் டமால்தான். புகார் போனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து கேட்டைத் திறந்தபடியே நைலான் கயிற்றால் கட்டினார். அவள் அவிழ்த்தாள். மறுநாளும் கட்டினார்.

"ஏம்மா, வேலை வேணுமா வேணாமா உனக்கு?"

"ரப்பர் ஒட்டினா சத்தம் குறையும்னு மூணு வாரமா சொல்றேனே சார்."

"அது கமிட்டில பேசணும். இத்தனை பேர் சுத்தி இருக்கோம், ஒரு சத்தம் கேட்டா ஓடி வர மாட்டோமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. அன்று கயிற்றில் கை வைக்கவில்லை.

மாலையில் குளத்தில் யாரும் இல்லை. கரையோரக் குடைக்கு அடியில் ஆணும் பெண்ணுமாக ஐந்து பேர் அரட்டையில் இருந்தார்கள். "மோட்டார் ரூம் வரை போறேன், பார்த்துக்குங்க" என்றாள். ஐந்து தலைகளும் ஆடின.

வாளியோடு திரும்பியபோது ஆழமான பக்கத்தில் ஒரு சின்னத் தலை. இரண்டரை வயது இருக்கும். அண்ணாந்த வாய் நீருக்கு மேலே வந்தது, மூழ்கியது. சத்தமே இல்லை. ஐவரும் ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாளியை வீசிவிட்டுக் குதித்தாள்.

கரையில் குழந்தை தண்ணீரைக் கக்கி வீறிட்டது. ஐவரில் ஒருத்தியான அதன் தாய் ஓடி வந்தாள். "மாடியில தூங்கிட்டிருந்தாளே! கத்தவே இல்லையேக்கா!"

"வாய் நிறைய தண்ணி இருந்தா எப்படிம்மா கத்தும்? புள்ள முங்குறது கேட் மூடுற மாதிரியா, ஊருக்கே கேக்குறதுக்கு?"

செயலாளர் மூச்சிரைக்க வந்தார். "அழுவுதுல்ல, அப்போ நல்லாத்தான் இருக்கு. இதை யாரும் வெளிய சொல்ல வேணாம்."

"தண்ணி உள்ள போயிருக்கு சார். டாக்டர் பார்த்தே ஆகணும். காரை எடுங்க."

போகிற போக்கில் கயிற்றை உருவினாள். கேட் டமாலென்று மூடியது. அழுகை கேட்டு இறங்கி வந்திருந்த முதல் மாடிக்காரரைப் பார்த்தாள். "ஐயா, நான் வர்ற வரைக்கும் இங்க காவல் நீங்கதான். தூக்கம் வந்தா நின்னுக்கிட்டே தூங்குங்க."

செயலாளர் காரின் பின்கதவைத் திறந்தார். சொட்டச் சொட்ட நின்றவளைப் பார்த்துத் தயங்கினார். "இரும்மா, சீட்டு நனையும். பேப்பர் போட்டுடறேன்."

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி ஏறி உட்கார்ந்தாள். தாயும் மறுபக்கம் ஏறினாள்.

"வேலை போச்சுன்னா நாளைக்குச் சொல்லுங்க சார். இப்ப வண்டியை எடுங்க."