சுவரொட்டி ஊட்டிய கை

ஆம்பூரில் பிறந்துவிட்டு வாடைக்கு முகம் சுளித்தால் பிழைக்க முடியாது என்பார்கள். நிசார் அஹமது சுளித்துக்கொண்டே நாற்பது வயதுவரை பிழைத்துவிட்டார். பச்சைத்தோலின் பிணவாடை தாங்காமல்தான் தோல் பதனிடும் டேனரிப் பக்கமே போகாமல் ஷூ கம்பெனியின் பேட்டர்ன் அறையில் சேர்ந்தார். அங்கே வேலை சுத்தம். மூல மாதிரி பூட்டிய அலமாரியை விட்டு வெளியே வராது. அதைப் பார்த்து வெட்டிய அட்டை நகல்தான் கட்டிங்குக்குப் போகும். நகலில் உள்ளபடி வெட்டிய தோல்துண்டுகளைத் தையல் லைனில் பெண்கள் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு வாடை வந்து உட்கார்ந்துகொண்டது. ஆறு வயது மகள் புஷ்ராவுக்குத் தலசீமியா. மாதாமாதம் வேலூருக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டும். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா ஜஹீருன்னிசா. ஆபா என்றுதான் கூப்பிடுவார். காலையில் ஆபா கசாப்புக் கடையில் சுவரொட்டி வாங்கி வருவார். கருஞ்சிவப்பாய் நழுவும் அந்த ஆட்டு மண்ணீரலைத் தணலில் வாட்டி, அரைவேக்காட்டோடு பிள்ளையின் வாயில் திணிப்பார். ரத்தம் ஊறுமாம். பிள்ளை குமட்டும். உதட்டோரம் வழிவதைக் கட்டைவிரலால் வழித்து மறுபடி உள்ளே தள்ளுவார். நிசார் முகம் சுளித்துத் திரும்பிக்கொள்வார். தாயில்லாத அவரை வளர்த்தவர் ஆபா. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

போன மாதம் டாக்டர் எழிலரசி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். ஹீமோகுளோபின் என்கிற புரதத்தை எப்படிச் செய்வது என்பது செல்லின் உட்கருவுக்குள் மரபணுவாக எழுதியிருக்கிறது. மரபணு வெளியே வராது, அதன் நகல்தான் வரும். நகலைப் படித்து அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் அது புரதம் என்று விளக்கினார். புஷ்ராவுக்கு மூலத்திலேயே எழுத்து பிசகு. நகலும் பிசகாகவே வருகிறது, சங்கிலி சரியாகக் கோக்கப்படுவதில்லை.

"இரும்பு கம்மியா இருந்தா சுவரொட்டி கொடுக்கலாம். இவளுக்கு ஏத்துற ரத்தத்துலயே இரும்பு ஜாஸ்தி. இதுவும் சேந்தா ஈரல்லயும் இதயத்துலயும் போய்ப் படியும்."

நிசாருக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒருமுறை கம்பெனியில் மூல மாதிரியிலேயே வார் துளை தள்ளிப்போயிருந்தது. அது தெரியாமல் தையல்காரிகளைத் திட்டித் தீர்த்து, புதுத்தோலாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அத்தனையும் கோணலாகவே வந்து குப்பைக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் ஆபாவிடம் சொன்னார். நோயில்லாமலே நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பிசகைச் சுமக்கிறோம், இரண்டும் பிள்ளைக்குப் போய்விட்டன, உங்களுக்கும் உங்கள் மகள் இஃப்ராவுக்கும்கூட இருக்கலாம், சுவரொட்டியை நிறுத்துங்கள் என்றார். ஆபா எழுந்து கதவைச் சாத்தினார்.

"மெல்லப் பேசு நிசாரு. இஃப்ராவுக்கு இடம் பாத்துனு இருக்கேன். நம்ம ரத்தத்துல கோளாறுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? புள்ளைக்குச் சத்து இல்ல, அவ்ளோதான். நாம சத்து குடுக்கறத நாலு பேரு பாக்கட்டும்."

அப்படியானால் சுவரொட்டி புஷ்ராவுக்காக இல்லை. இத்தனை நாள் வாடைக்கு வந்த குமட்டலெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. தனக்குச் சோறு ஊட்டி வளர்த்த அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியிலிருந்து இஃப்ராவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, வெளிறிப்போயிருந்த புஷ்ராவைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். சத்துக்குறைவுதான் என்று சிரித்தபடி ஆபா சுவரொட்டித் தட்டோடு வந்தார். புஷ்ரா வாயை இறுக மூடிக்கொண்டாள். ஆபா அவள் தாடையைப் பிடித்து அழுத்தினார்.

நிசார் தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார்.

"சத்துக்குறைவு இல்லைங்க, தலசீமியா. எங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருக்கு. இஃப்ராவுக்கு இருக்கா இல்லையான்னு தெரியாது. அவளும் உங்க பையனும் டெஸ்ட் பண்ணிக்கட்டும். ஒருத்தருக்கு இல்லன்னாலும் பொறக்கற புள்ளைக்குப் பயமில்ல."

மாப்பிள்ளையின் அம்மா, புஷ்ராவின் மேல் படாமல் துப்பட்டாவை இழுத்து மடியில் சுருட்டிக்கொண்டார். தொற்றிக்கொள்ளும் என்று நினைத்தார் போலும். பிரியாணியைத் தொடாமலே கிளம்பிப் போனார்கள்.

என் மகள் வாழ்க்கையில் மண் விழுந்தது என்று ஆபா சுவரில் முட்டிக்கொண்டார். அலங்காரம் கலையாமல் இஃப்ரா உள்ளறையிலிருந்து வந்தாள்.

"மாமூ, டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல போணுமா?"

"வேணாம்மா. சாப்ட்டே போலாம்."