லிஃப்ட்காரரின் பேஸ் கிட்டார்

வேலையிடத்தில் அவரைக் கிட்டார்காரர் என்று கூப்பிடுவார்கள். இசைக்குழுவில் லிஃப்ட்காரர். ஆக, இரண்டு இடத்திலும் அவர் வேறெங்கிருந்தோ வந்து போகிற ஆள்.

பகலில் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விழா நாட்களிலும் ஒரு பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நாலே கம்பிகள், அதுவும் தடித்தடியாக. பாட்டுக்கு அடியில் கிடந்து அதைத் தாங்குகிற வாத்தியம் அது. அதை வாசிப்பவரை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை. பார்க்காவிட்டால் போகட்டும், காதிலாவது விழ வேண்டாமா? ஒன்பது வருஷமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது அதுதான்.

ஒருமுறை மனைவியை நிகழ்ச்சிக்கு அழைத்துப்போனார். நாலாவது வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு வந்தாள். எப்படி இருந்தது என்று இரண்டு தடவை கேட்டபிறகு, "பாக்க நல்லா இருந்தீங்க" என்றாள்.

குறை எங்கே இருக்கிறது என்று அவர் தேடாத இடம் இல்லை. முதலில் கம்பிகள் மேல் பழி போட்டு நாலையும் மாற்றினார். பிறகு கேபிள். பிறகு காலால் மிதிக்கிற பெடல்கள், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. ஒன்று சத்தத்தை ஒரே மட்டத்தில் வைக்குமாம், இன்னொன்று கனம் கூட்டுமாம், மூன்றாவது என்ன செய்கிறது என்று விற்றவனுக்கே தெரியவில்லை. கடைசியாக, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பழைய பெட்டிக்குப் பதிலாகப் பெரிய ஆம்ப் ஒன்று வந்தது. துணி பீரோவில் பாதி உயரம். அதை வேனில் ஏற்றினால் ஒருவர் உட்காரும் இடம் போய்விடும். அந்த ஒருவர் எப்போதும் கீபோர்டுக்காரராகவே இருந்தார், குழுத் தலைவரின் மச்சான். பயணம் முழுக்க ஒரு டிரம் பையின்மேல் உட்கார்ந்து, லிஃப்ட்காரரின் பின்னந்தலையை முறைத்துக்கொண்டே வருவார்.

வீட்டில் அந்த ஆம்ப் ராஜா மாதிரி முழங்கியது. அதன் முன்பக்கம் மூன்று குமிழ்கள்: அடிச்சத்தத்துக்கு ஒன்று, நடுச்சத்தத்துக்கு ஒன்று, மேல்சத்தத்துக்கு ஒன்று. முதலாவதையும் மூன்றாவதையும் கடைசிவரை திருப்பி, நடுவில் இருப்பதை அடியோடு குறைத்து வைப்பார். ஒரு கம்பியைத் தட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், அடுப்படியில் கரண்டி கிணுகிணுக்கும். கண்ணை மூடி ரசிப்பார். அதே பெட்டி, அதே குமிழ்கள், மேடையில் ஏற்றி டிரம்மும் கீபோர்டும் சேர்ந்துகொண்டால் சத்தம் போன இடம் தெரியாது. அவருக்கே கேட்காது. உடனே ஒலியைக் கூட்டுவார். அப்போதும் கேட்காது. இன்னும் கூட்டுவார். இதற்கு எதைத் தூக்கிப் போட்டு உடைப்பது என்று வரும் அவருக்கு.

போன ஞாயிறு ஒத்திகை முடிந்ததும் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். குழுவில் பாடுகிறவரும் அவர்தான், மாஸ்டர் என்பார்கள். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். வயசாகிறது, பெட்டியைத் தூக்கி அலைவது கஷ்டம், வேனில் இடம் இல்லை, மச்சான் இடது கையால் கீபோர்டிலேயே பேஸ் வாசித்துவிடுகிறான். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க வாசிக்க ஆரம்பிச்சா என் குரல் எனக்கே கேக்க மாட்டேங்குது. சனிக்கிழமை கம்பெனி ஆண்டு விழா ஒண்ண முடிச்சுக் குடுத்துடுங்க. செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு நீங்க வர வேண்டியதில்ல."

தன் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை என்பது லிஃப்ட்காரரின் குறை. அந்தச் சத்தத்தால் வேறெதுவும் கேட்கவில்லை என்கிறார் மாஸ்டர். ஒரே சத்தம் எப்படி இரண்டுமாக இருக்கும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசுக்குள் மாஸ்டரோடு சண்டை போட்டார். வீட்டுக்கு வந்து மனைவியோடு நிஜமாகவே போட்டார். அந்த ஒரு குழுவை விட்டால் நாற்பத்தெட்டு வயதில் யார் அவரைச் சேர்த்துக்கொள்வார்கள்? வாரம் முழுக்கக் கிணறு மாதிரி இருட்டான லிஃப்ட் குழிகளில் நின்றபடி இதையே நினைத்துக் குமைந்தார்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. சட்டை மாற்ற நேரமில்லாமல், மார்பில் லிஃப்ட் கம்பெனியின் முத்திரையோடு மத்தியானம் மண்டபத்துக்கு வந்தார். பெட்டியை மேடையேற்றி, குமிழ்களை வழக்கப்படி திருப்பி, கிட்டாரைச் சாய்த்து வைத்து மூச்சு வாங்குவதற்குள் மண்டப மேனேஜர் பிடித்துக்கொண்டார். முத்திரையைப் பார்த்துவிட்டார். லிஃப்டில் ஒரு வாரமாகக் கடகடவென்று ஏதோ சத்தம், ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா என்றார். அது வேறு கம்பெனி லிஃப்ட். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருஷப் பழக்கம் வாயில் தானாக வந்துவிட்டது.

"எங்க நின்னா கேக்குது?"

லிஃப்ட் வேலையில் அவர் எப்போதும் கேட்கும் முதல் கேள்வி அது. மோட்டார் அறையில் போய் நின்றால் எல்லா மோட்டாரும் ஒழுங்காகத்தான் ஓடும். புகார் சொன்னவர் நிற்கிற இடத்தில் நின்று கேட்டால்தான் கோளாறு பிடிபடும். உடன் வேலை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவர் வாய் வலித்திருக்கிறது.

மேனேஜர் அவரை மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் லிஃப்ட் ஓடுகிறது. லிஃப்ட்காரர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் காதைக் கொடுத்தார். லிஃப்ட் கேட்கவில்லை. எங்கிருந்தோ கும்மென்று ஒரு சத்தம் வந்து சுவர், தரை, நாற்காலி எல்லாவற்றையும் உலுக்கியது. கொஞ்சம் நின்றது, மறுபடி கும். மேடையில் மாஸ்டர் மைக்கில் ஏதோ பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடப் புரியவில்லை.

"யாருங்க அது? மனுஷன் ஒரு சத்தத்தக் கேக்க முடியல" என்று எரிந்து விழுந்தபடி லிஃப்ட்காரர் திரும்பினார்.

அவருடைய கிட்டார்தான். சும்மா கிடக்கிறதே என்று கீபோர்டுக்காரர் எடுத்து மாட்டிக்கொண்டு, டிரம்முக்கும் மாஸ்டருக்கும் இசைவாக வாசித்துக்கொண்டிருந்தார். விரல்கள் சரியான இடத்தில்தான் போய் வந்தன. அத்தனை தூரத்திலும் அது தெரிந்தது. ஆனால் இங்கே வந்து சேர்ந்ததில் சுரமும் இல்லை, தாளமும் இல்லை, வெறும் அதிர்வுதான். ஒன்பது வருஷமாக ஊரார் காதில் தான் இப்படித்தான் விழுந்திருக்கிறோம் என்று புரிந்தபோது அவருக்கு முகம் சுட்டது.

பக்கத்திலேயே சவுண்டு மேஜை. அதற்குப் பின்னால், குழுவின் எல்லா நிகழ்ச்சிக்கும் வருகிற சவுண்டுக்காரர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். மேஜையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு தள்ளுகட்டை, அதன் கீழே பெயர் எழுதிய ஒட்டுத்தாள். 'பேஸ்' என்று எழுதியிருந்த கட்டை அடிமட்டத்தில் கிடந்தது.

"அண்ணே, என் சேனல் மூடியிருக்கே?"

"அத நான் தொறந்ததே இல்லையே."

"இன்னைக்கா?"

"எப்பவுமே. மேடையிலேர்ந்து உங்க பெட்டி அடிக்கிற அடியே இங்க தாங்கல. இதுக்கு மேல நான் எங்க தொறக்கிறது?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஒவ்வொரு வாட்டியும் புதுசா ஒண்ணத் தூக்கிட்டு வந்தீங்க. நானும் கட்டையை இறக்கிட்டு வேலையப் பாத்தேன்."

லிஃப்ட்காரருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் யார்மேல் காட்டுவது? கையில் எடுத்த கோபம் சுற்றிச் சுற்றித் தன்னிடமே வந்து நின்றது. அப்போது சவுண்டுக்காரர், அவர் வாழ்நாளுக்கே அதிகமான அளவில், நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினார். அடிச்சத்தம் டிரம்மோடும் மண்டபச் சுவரோடும் மோதிக் குழம்பிவிடுகிறது. மேல்சத்தத்தை டிரம்மோடு இருக்கும் பித்தளைத் தட்டுகளின் ஓசை விழுங்கிவிடுகிறது. நடுச்சத்தத்தில்தான் சுரம் இருக்கிறது, அதை நீங்கள் பிடுங்கி எறிந்துவிட்டீர்கள். பெட்டி உங்கள் முழங்காலுக்குப் பாடுகிறது, உங்கள் காது மேலே இருக்கிறது.

லிஃப்ட்காரர் லிஃப்டை மறந்தே போய், விடுவிடுவென்று மேடையேறினார். கீபோர்டுக்காரரிடமிருந்து கிட்டாரைப் பிடுங்காத குறையாக வாங்கினார். டிரம்காரரை ஒரு கை பிடிக்கச் சொல்லி, ஆம்பின் முன்பக்க அடியில் இரண்டு செங்கல் வைத்து, தன் முகத்தைப் பார்க்கும்படி பின்னுக்குச் சாய்த்தார். ஒலியைக் கால்வாசிக்கு இறக்கினார். அடிச்சத்தத்தைக் குறைத்து, எப்போதும் அடியோடு குறைத்தே வைத்திருந்த நடுக்குமிழை ஏற்றினார். பெடல்கள் மூன்றையும் கழற்றிப் பைக்குள் போட்டார். ஒரு கம்பியைத் தட்டினார். சகிக்கவில்லை. சளி பிடித்தவர் மூக்கால் பேசுவது போல இருந்தது.

"என்னண்ணே, பெட்டி ரிப்பேரா?" என்று கீபோர்டுக்காரர் சிரித்தார். கடைசி நாள், கேவலப்பட்டுத்தான் போவோமே என்று இருந்தது லிஃப்ட்காரருக்கு.

விழா தொடங்கி முதல் பாட்டில் டிரம் சேர்ந்துகொண்டதும் அந்த மூக்குச் சத்தம் காணாமல் போனது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, டிரம் அடிக்கும் அடியில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது பாட்டில் மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் அது வர ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்குப் பின்னால் சவுண்டுக்காரர் எப்போதும்போல உம்மென்றுதான் நின்றார், ஆனால் ஒரு விரல் ஒரு கட்டையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பாடிக்கொண்டே ஒருமுறை அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். இத்தனை சுலபமா இது? இதற்கா ஒன்பது வருஷம்? லிஃப்ட்காரருக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக வந்தது.

ஐந்தாவது பாட்டில் மாஸ்டர் மறுபடி திரும்பினார். இந்தமுறை முறைத்தார். இடைவேளை விட்டதும் நேராக வந்தார்.

"ரெண்டாவது சரணம் முடிஞ்சு பல்லவிக்குத் திரும்புற எடத்துல என்ன வாசிக்கிறீங்க?"

வாசித்துக் காட்டினார். மாஸ்டர் பாடிக் காட்டினார். விரல் கிட்டாரில் ஒரு கட்டம் தள்ளி விழுகிறது, சுத்தமாகத் தப்பு. அசல் பாட்டில் அந்த இடத்தில் பேஸ் தெளிவாகக் கேட்காததால் குத்துமதிப்பாகப் பிடித்து வைத்தது.

"எத்தன நாளா இப்படி வாசிக்கிறீங்க?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத வச்சுக்கிட்டு அடுத்த மாசம் நடக்கப்போற பாட்டுக்குழுப் போட்டியில வாசிக்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்துடுங்க" என்று கடுப்பாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

லிஃப்ட்காரர் மண்டபத்துக்கு வெளியே வந்து, வெயிலில் நின்றபடி மனைவிக்குப் போன் செய்தார். மூடிக் கிடந்த சேனலைச் சொன்னார், செங்கல்லைச் சொன்னார், தண்டத்துக்குத் தூக்கிச் சுமந்த பெட்டியைச் சொல்லிப் பொருமினார். கடைசியில் அதையும் சொன்னார்.

"அந்தப் பாட்ட ஒன்பது வருஷமா தப்பா வாசிச்சிருக்கேனாம்."

"யாரு சொன்னா?"

"மாஸ்டர்தான். பாடிக்கிட்டு இருக்கும்போதே திரும்பி மொறைக்கிறாரு."

"அப்போ அவருக்குக் கேட்டிருக்குல்ல?" என்றாள்.