பின்சீட்டில் ஏறிய மாமா

மருமகள் வேலைக்குப் போவது பிடிக்காததால், கல்யாணமான நாளிலிருந்து மாமனார் என்னிடம் நேராகப் பேசியதில்லை. ஆனால் தினமும் அவருடைய காரில்தான் கணவர் என்னை, நான் சோதனைப் பிரிவில் வேலைபார்த்த பீங்கான் தொழிற்சாலையில் கொண்டுவிடுவார்.

எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் வேப்பூரிலிருந்து அகலமான ஜீப் சக்கரங்கள் இரண்டை இரவல் வாங்கிவந்து காரின் பின்பக்கம் மாட்டினார்.

"பாரு, எப்படி நிக்குது."

"காலி வண்டியில நல்லாத்தான் இருக்குது. ஆள் ஏறினா மட்கார்டுல உரசுமான்னு பாக்கணும்ங்க."

தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பீங்கான் களிமண்ணை மட்கார்டின் உட்புறம் தடவினேன். உரசினால் மண்ணில் தடம் விழும். மாமியாரும் நாத்தனாரும் பின்சீட்டில் ஏறினார்கள். "எங்கள எடைக்கல்லா ஆக்கிட்டியே" என்று மாமியார் சிரித்தார். தெருமுனை வரை போய் வந்தும் தடமில்லை.

"இன்னொரு ஆள் வேணும்" என்றேன், யாரையும் பார்க்காமல்.

செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு மாமனார் வந்து ஏறினார். மறுபடி போய் வந்தபோது, களிமண்ணை டயர் வழித்தெடுத்திருந்தது. கணவரின் முகம் வாடியது.

"பழைய சக்கரத்தையே மாட்டுடா" என்ற மாமனார், என் பக்கம் திரும்பினார். "முன்பக்கமும் பாக்கணுமாம்மா? நான் உக்காந்திருக்கேன்."

முன்சக்கரங்களை நாங்கள் மாற்றவே இல்லை.

"பாக்கணும் மாமா" என்றேன்.

இத்தனை வருட வேலையில் நான் செய்த தேவையற்ற சோதனை அது ஒன்றுதான். அதை நிதானமாகவே செய்தேன்.