வெட்டுத் தழும்பை அழித்த படம்

காரைக்காலில் எங்கள் ஸ்டுடியோவுக்குத் தனி முதலாளி கிடையாது. பழைய முதலாளி கடையை மூடப் பார்த்தபோது, வேலை பார்த்த ஏழு பேரும் பங்கு போட்டு எடுத்துக்கொண்டோம். எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வோம். முகத்தில் ஒரு மரு, ஒரு கீறல்கூட இல்லாமல்தான் படம் வெளியே போக வேண்டும் என்பதும் அப்படி வந்த முடிவுதான்.

பட்டினச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய தம்பி படகிலிருந்து கடலில் விழுந்து காணாமல் போயிருந்தார். ஒரு கல்யாணப் படத்தைக் கொடுத்து, தம்பி முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். மற்ற ஊர் மீனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பித் தேட வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்தவர் செய்து கொடுத்தார். பளிச்சென்ற முகம் கரையோரம் முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் அண்ணனோடு தம்பியின் மனைவியும் வந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, இது யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"அவருக்குப் புருவத்துல வெட்டு இருக்கும். கயிறு அடிச்ச தழும்பு. அது எங்க?"

யாராவது அவரைப் பார்த்து, தழும்பு இருக்கிறதே, இவர் இல்லை என்று விட்டிருந்தால்?

"யாருய்யா அழிச்சது?" என்று உள்ளே கத்தினேன்.

"எப்பவும் செய்யுறதுதானய்யா. எல்லாரும் சேந்துதான கை தூக்குனோம்," என்றார் கம்ப்யூட்டர்காரர்.

முதலாளி ஒருவன் இருந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம். இங்கே யார் சட்டையைப் பிடிப்பது?

தழும்போடு புதிதாகப் படம் செய்து அனுப்பினேன். சற்று நேரத்தில் அண்ணனுக்குப் போன் வந்தது. கோடியக்கரைப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியிருக்கிறது. புருவம் கிழிந்திருந்ததால் முதல் படத்தைப் பார்த்து இல்லை என்று விட்டார்களாம். இப்போது சந்தேகம். உடலின் படத்தை அனுப்பியிருந்தார்கள்.

அண்ணன் அதைத் திறக்கவில்லை. "என்னால முடியாதுங்க. நீங்க முகம் பாத்துப் பழகுனவங்க."

திரும்பிப் பார்த்தேன். என் பங்காளிகளில் ஒருவர் லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குத் திடீரென்று டீ வாங்க வேண்டியிருந்தது. லாபத்துக்கு ஏழு முதலாளிகள். இதைப் பார்க்க நான் ஒருத்தன்.

திறந்தேன். முகம் வீங்கியிருந்தது. புருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிழிசல் பழைய தழும்பு மாதிரி இல்லை. கல்லில் பட்டது போல இருந்தது. காது மடலும் வேறு மாதிரி.

"இவரு இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தப்பா இருந்தா, யாரும் இல்லாத பொணம்னு பொதச்சிருவாங்கண்ணே."

"நேர்ல போய் ஒரு தடவ பாத்துருங்க," என்றேன்.

போனார்கள். அது அவர் இல்லை என்று சாயங்காலம் தகவல் வந்தது.

அவர் இன்னும் கிடைக்கவில்லை. தெற்கே எங்கே உடல் ஒதுங்கினாலும் படம் முதலில் என் போனுக்கு வருகிறது. நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளிடம் சொல்கிறார்கள்.